கானுக்கு அந்தப் பக்கம்

தம்பி, சனிக்கிழமையிலிருந்து நீ எடுத்த கோல் எதற்கும் நான் பதில் சொல்லவில்லை என்று கொதித்துப்போயிருப்பாய். போனும் பழுதில்லை, என் காதும் பழுதில்லை. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நீ "சரிம்மா, சரிம்மா" என்று தொடங்கிவிடுவாய். அதற்குப் பிறகு நான் சொல்லும் எதுவும் மெல்பனுக்குப் போய்ச் சேராது. கடிதம் என்றால் வாசித்துத்தான் ஆகவேண்டும். உன் மனைவிக்கும் வாசித்துக் காட்டு. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குப் பயம் காட்டக் கூடாது என்று முதலில் நினைத்தேன். பிறகு, பிள்ளை பெறப் போகிறவளுக்குத்தான் இது கட்டாயம் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

தரகர் உன்னிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "ஒங்க அம்மா வந்து வியாபாரத்தைக் கெடுத்துட்டாங்க, கைக்கு வந்த பார்ட்டியை விரட்டிட்டாங்க" என்று கத்தியிருப்பார். உண்மைதான், விரட்டினேன். அவரிடமிருந்து சாவியையும் வாங்கிக்கொண்டேன். இனி இந்த வீட்டை நானே விற்கிறேன். வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று நீ முடிவு கட்டுவதற்கு முன்னால் நடந்ததை முதலிலிருந்து கேள்.

தரகரிடம் கொடுக்கலாம் என்று நீ சொன்னபோது நான் மறுக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? நீ சொன்ன காரணங்கள் எல்லாம் சரியானவை. தனியாக இருக்கும் பொம்பளை, யார் யாரோ வந்து அறைக்கு அறை நுழைந்து பார்ப்பார்கள். விலை பேசத் தெரியாது. உறுதி எழுதும் நொத்தாரிசு, காணிப் பதிவகம், நில அளவையாளர் என்று அலைய என் முழங்கால் இடம் கொடுக்காது. போதாததற்கு, பிள்ளை பிறப்பதற்கு முன் நான் அங்கே வந்து சேர வேண்டும் என்று நீ அவசரப்பட்டாய். உன்னை விட எனக்குத்தான் அவசரம். வீடு விற்றால்தான் பயணம் என்று நாம் பேசி முடித்திருந்தோம். அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு என் கை இப்போதிருந்தே துடிக்கிறது. அதனால்தான் அந்த மனுஷர் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினேன்.

அவர் கெட்டவர் இல்லை. தொழில் தெரிந்தவர். வந்த முதல் நாளே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, முன்னுக்கு வெள்ளை அடிப்போம், அலுமாரியை இங்கிருந்து எடுத்தா ஹோல் பெருசாத் தெரியும்" என்றார். ஆள் வரும் நாளில் குசினியில் கறுவாப் பட்டையைக் கொதிக்கவைக்கச் சொன்னார், வீடு மணக்குமாம். அப்பாவின் படத்தைக் கழற்றி அறைக்குள் வைக்கச் சொன்னார். "மாலை போட்ட படத்தைக் கண்டா வாங்குறவங்க மனசு பின்னுக்குப் போயிரும்" என்றார். கழற்றினேன். சுவரில் அந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது, அதற்கும் வெள்ளை அடித்தார். பிறகு சாமான் அறைக்குள் போனார். மூலையில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எழும்பி நிற்கும் இரும்புக் குழாயைக் காட்டி, "இது என்ன?" என்றார். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குழாயைத் தட்டிப் பார்த்தார். "வீட்டுக்குள்ள இருக்கிறது யாருக்குத் தெரியப் போகுது? ஒங்களுக்கும் எனக்கும்தானே" என்று சொல்லிச் சிரித்தார். மறுநாள் குழாயின் வாயைச் சிமெந்தால் அடைத்து, அதன் மேல் ஒரு பூச்சட்டியை வைத்துவிட்டுப் போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

கடைசியாக ஒன்று சொன்னார். ஆள் வரும்போது நான் வீட்டில் இருக்கக் கூடாது. "வீட்டுக்காரங்க நின்னா வாங்குறவங்க மனசு விட்டுப் பேச மாட்டாங்க. நீங்க கோயில் பக்கம் போய்ட்டு வாங்க." இது இங்கே தரகர்கள் எல்லாரும் செய்வதுதான். முதல் இரண்டு தடவையும் அப்படியே கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இதே பேச்சை இதே வீட்டில் நான் முன்னமே கேட்டிருக்கிறேன், வாங்க வந்தவளாக நின்று.

இந்த வீட்டை நாங்கள் வாங்கியபோது உனக்கு மூன்று வயது. அப்பா பல்லேகல கைத்தொழில் பேட்டையில் பிட்டராக இருந்தார். நான் பள்ளிக்கூட யூனிபோர்ம் தைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து லயத்தில் பிறந்த இரண்டு பேர் பிலிமத்தலாவைக்கு மேலே சொந்தமாக ஒரு வீடு வாங்கப் போகிறோம் என்றால் எங்களுக்குக் கால் தரையில் படவில்லை. ஒரு தரகர் மூலமாகத்தான் வந்தோம். அவரும் இவரைப் போலத்தான், முதல் நாளே ஒரு சட்டம் போட்டார்: "உறுதி எழுத்து முடியுற வரைக்கும் விக்கிறவங்களோட நீங்க பேச வேணாம். மூஞ்சியைப் பார்த்தா வெலையை ஏத்திருவாங்க." எங்களுக்கு அது நல்லதாகத்தான் பட்டது. தெரியாத ஆளின் முகத்தைப் பார்த்து, உங்கள் வீட்டை விலை குறைத்துக் கொடுங்கள் என்று கேட்கும் கூச்சம் இல்லையே.

வீடு பார்க்க வந்த அன்று தூறிக்கொண்டிருந்தது. நான் குசினி யன்னலருகே உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கும் பக்கத்துக் காணிக்கும் நடுவில் மழைத்தண்ணீர் போகும் அந்தச் சிமெந்துக் கான் அப்போதும் இருந்தது. கானுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது மதிக்கலாம். பூப்போடாத வெளிர்நீலச் சேலை. தூறலில் நனைந்துகொண்டு நிற்கிறார், கையில் கறுப்புக் குடை இருக்கிறது, ஆனால் விரிக்கவில்லை. இடது கையை இடுப்பில் ஊன்றியிருந்தார். என்னையே பார்த்தார். பிறகு மடக்கிய குடையைத் தூக்கி வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். குடையின் பிடி சிவப்பு நிறம், அது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. வாய் அசைந்தது. கானில் தண்ணீர் இரைந்துகொண்டு போனதால் ஒன்றும் கேட்கவில்லை.

நான் தரகரைக் கூப்பிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது பக்கத்து வீட்டுப் பொம்பள. தலை கொஞ்சம் சரியில்ல. கண்டுக்காதீங்க" என்றார். அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க? ஆரையும் காணமே" என்றார். நான் மறுபடி பார்த்தேன். அவர் அங்கேதான் நின்றார், குடையை நீட்டியபடியே. நான் கண்ணை எடுத்துக்கொண்டேன். பைத்தியக்காரப் பெண் என்றால் பிள்ளையை வைத்துக்கொண்டு ஏன் பார்க்க வேண்டும் என்று யன்னலை விட்டு விலகினேன். நான் செய்தது அவ்வளவுதான், தம்பி. ஒரு நிமிஷ வேலை.

பிறகு நொத்தாரிசு கந்தோரில் எழுத்து நடந்த அன்று வீட்டை விற்ற மனிதரை முதல் தடவையாகப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து இரண்டு நாளைக்கென்று வந்தவர், கையெழுத்து வைக்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா வரலையா?" என்று கேட்டேன், தரகர் சொன்னது பொய்யாக இருக்கும், அந்த நீலச் சேலைக்காரி அவர் அம்மாதான் என்ற எண்ணத்தில். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு விவரம் தெரியுறதுக்கு முன்னாடியே அம்மா போயிட்டாங்க" என்றார். நாங்கள் குடிவந்து பால் காய்ச்சிய பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. கானுக்கு அந்தப் பக்கம் வீடே இல்லை. நாயுண்ணிப் பற்றையும் ஒரு கொய்யா மரமும்தான். நடந்து போகிற ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் என்று அந்தத் தரகர் யாரைச் சொன்னார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

இனி உன்னிடம் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். உன் இடது அக்குளுக்குக் கீழே ஒரு நீளமான தழும்பு இருக்கிறதே, அது கொய்யா மரத்திலிருந்து விழுந்ததால் வந்தது என்று நானும் அப்பாவும் சொல்லி வந்தோம். நீயும் அதை நம்பி உன் மனைவியிடம் மரம் ஏறிய வீரம் எல்லாம் பேசியிருப்பாய். நீ மரமே ஏறியதில்லை, ராசா. உனக்கு உயரம் என்றால் பயம்.

குடிவந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். மழைக்காலத்தில் ஒரு பின்னேரம். அப்பா வேலைக்குப் போயிருந்தார். சாமான் அறையின் தரை அப்போது பலகை அடித்து, மேலே லினோலியம் விரித்ததாக இருந்தது. நீ அரிசி மூட்டை மேலே ஏறி ஏறிக் குதித்து விளையாடினாய். நான் மெஷினில் தைத்துக்கொண்டே, "குதிக்காத, குதிக்காத" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று உன் சத்தம் நின்றுவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் தரைக்கு மேலே உன் தலையும் இரண்டு கையும் மட்டும்தான் இருந்தன. பலகை உளுத்து உடைந்து, நீ அக்குள் வரை இறங்கி ஒரு குறுக்குக் கட்டையில் தொங்கிக்கொண்டிருந்தாய். அழவில்லை. என்னையே பார்த்தாய். நான் குப்புறப் படுத்து உன் கைகளைப் பிடித்து இழுத்தேன். ஆணி உன் விலாவைக் கிழித்தது தெரிந்தும் இழுத்தேன். நீ மேலே வந்தபோது உன் ஒரு செருப்பு கழன்று கீழே போயிற்று. அது தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை நான் கடைசி வரை உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

பழைய கிணறு, தம்பி. யாரோ வீட்டைப் பின்னால் நீட்டிக் கட்டியபோது அதைத் தூர்க்காமல் பலகையைப் போட்டு மூடி, மேலே அறை கட்டிவிட்டார்கள். குடை நீட்டிய பெண் காட்டியது அந்த மூலையைத்தான். அப்பா லீவு போட்டுவிட்டு, கம்பி கட்டி, சிமெந்துக் கொங்கிரீட் போட்டு அதை மூடினார். அவரோடு வேலை செய்த ஒரு பெரியவர் உதவிக்கு வந்தார். "கிணத்த மூடுறதுன்னா அது மூச்சு விட ஒரு குழாய் வைக்கணும். அடைச்சு மூடக் கூடாது, அது சும்மா இருக்காது" என்று பிடிவாதமாகச் சொன்னார். அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் வைத்தார். அதுதான் அந்த இரும்புக் குழாய். நாங்கள் வெளியே யாருக்கும் மூச்சு விடவில்லை. கூரைக்குக் கீழே கிணறு உள்ள வீடு என்று தெரிந்தால் நம் ஆட்கள் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே வர மாட்டார்கள், விற்கவும் முடியாது. இரண்டு மூன்று வருஷத்தில் விற்றுவிட்டுப் போய்விடலாம் என்று பேசிக்கொண்டோம். முப்பத்திரண்டு வருஷம் இருந்துவிட்டோம்.

குழாய் மூச்சு விட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். மழை வருவதற்கு முன்னால் உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வரும், வெயில் ஏறினால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். குழாயின் வாயில் நூலைக் கட்டி வைத்து, நூல் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துத்தான் நான் துணி காயப்போடுவேன். வானொலி சொல்வதை விட அது சரியாகச் சொல்லும். நீ அதில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மா, வீடு தூங்குது" என்பாய். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். ஆனாலும் அது எப்படியோ பழகிவிட்டது. அப்பா போன பிறகு வீட்டில் என்னோடு மூச்சு விட்டது அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். காற்றழுத்தம் என்று நீ விளக்கம் சொல்வாய். இருக்கட்டும். நான் மறுக்கவில்லை.

தரகர் அதை அடைத்த நாளிலிருந்து வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. மழை கட்டும் பின்னேரங்களில் சாமான் அறைத் தரைக்குள்ளிருந்து ஒரு முனகல் எழும்பியது. அலுமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டின. விற்பதற்காகத் தரகர் புதிதாக ஒட்டிய டைல்கள் வெயில் நாளிலும் வேர்த்தன, அதில் இரண்டு எழும்பி நின்றன. ஒன்றை நான் பெயர்த்துப் பார்த்தேன். அப்பா போட்ட கொங்கிரீட்டில் குறுக்காக ஒரு வெடிப்பு, உள்ளே கம்பி துருப்பிடித்துச் செம்மண்ணாக உதிர்ந்தது. தரகரிடம் சொன்னேன். மறுபடி டைலை ஒட்டிவிட்டு, "எழுத்து முடியுற மட்டும் தாங்கினாப் போதும்மா" என்றார். அப்போதும் நான் பேசாமல் இருந்தேன். உன் பிள்ளையின் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை மூன்றாவது பார்ட்டி வந்தது. கலகெதரையில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பையனும் அவன் பெண்சாதியும் என்று தரகர் சொல்லியிருந்தார். போட்டோவில் பார்த்தே இடம் பிடித்துவிட்டது, இன்றைக்கு முற்பணம் பேசுவார்கள், வெளியே போய்விடுங்கள் என்றார். மழை மூடிக்கொண்டு வந்தது. உன் மனைவி போன வருஷம் கொண்டுவந்து தந்த சேலையைக் கட்டிக்கொண்டு, அப்பாவின் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். கோயிலுக்குக் குறுக்குவழி கானுக்கு அந்தப் பக்கத்து ஒற்றையடிப் பாதைதானே, அதில் ஏறிக்கொண்டிருந்தபோது கீழே வேன் வந்து நின்றது. முதலில் அந்தப் பையன் இறங்கினான். பிறகு அவன் பெண்சாதி, இருபத்தைந்து வயதுப் பிள்ளை, தலையில் முக்காடு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் இறங்கினாள். மூன்று வயதுதான் இருக்கும். கைக்குழந்தை மாதிரி ஒன்று இருக்கிறது என்று தரகர் என்னிடம் சொல்லவே இல்லை.

கொய்யா மரம் நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். தூறத் தொடங்கியது. குடையை விரிக்கலாம் என்றால் அதன் கம்பி முறிந்து எவ்வளவோ நாளாகிறது, ஊன்றுகோலாகத்தான் அதைக் கொண்டு போகிறேன். அவர்கள் உள்ளே போய் அறைகளைப் பார்ப்பது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை குசினி யன்னலுக்கு வந்தாள். மகளை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். யன்னல் திறந்திருந்ததால் தரகரின் குரல் கேட்டது: "பின்னுக்கு ஒரு ரூம் இருக்கு மெடம், சின்னவங்களுக்கு எடுத்துக்கலாம். நல்ல குளிர்ச்சி." அவள் என்னைப் பார்த்துவிட்டாள். என் முழங்கால் வலித்தது, இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டேன். வலது கையில் இருந்த குடையைத் தூக்கி, பின்பக்கத்தைக் காட்டினேன். "அந்த ரூம் வேணாம் புள்ள, கீழ கிணறு இருக்கு" என்று கத்தினேன். மேலே மழை பெய்திருக்க வேண்டும், கான் இரைந்துகொண்டு போயிற்று. என் குரல் எனக்கே கேட்கவில்லை, உள்ளே அவர்கள் பேசியது மட்டும் எப்படியோ தெளிவாகக் கேட்டது.

அவள் திரும்பித் தரகரிடம் ஏதோ கேட்டாள். அவர் எட்டிப் பார்க்கவில்லை. "அது பக்கத்து வீட்டம்மா. தலை கொஞ்சம் சரியில்ல. கண்டுக்காதீங்க" என்றார். அந்தப் பையன் வந்து யன்னலால் பார்த்தான். "எங்கன? ஒருத்தரையும் காணமே" என்றான். நான் அவனுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன், தம்பி. பட்டப்பகல், மூன்று மணி. அந்தப் பிள்ளை மறுபடி என்னைப் பார்த்தாள், பிறகு கண்ணை எடுத்துக்கொண்டு யன்னலை விட்டு விலகினாள்.

அவள் விலகிய விதம் எனக்குத் தெரிந்த விதம். நான் குனிந்து என்னைப் பார்த்தேன். பூப்போடாத வெளிர்நீலச் சேலை. கையில் மடக்கிய கறுப்புக் குடை. அதன் மரப்பிடி வெடித்தபோது அப்பா தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றித் தந்தார், அவர் போவதற்கு இரண்டு வருஷம் முன்னால். எனக்கு வயது அறுபத்தாறு. முப்பத்திரண்டு வருஷமாக நான் மறக்காத அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். சேலை ஞாபகம் இருக்கிறது, குடை இருக்கிறது, கை இருக்கிறது. முகத்தை மட்டும் நான் அன்றைக்கு நன்றாகப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு முன் கண்ணை எடுத்துவிட்டேனே.

இதற்கு மேல் நான் ஒன்றும் விளக்கம் சொல்ல மாட்டேன், என்னிடம் விளக்கமும் இல்லை. ஒன்று மட்டும் அந்த இடத்தில் தெளிவாக விளங்கியது. அங்கே நின்றுகொண்டு கை காட்டினால் யாருக்கும் எதுவும் போய்ச் சேராது. அன்றைக்கு நின்றவரும் இதைத்தான் செய்தார், போய்ச் சேரவில்லை, நீ அக்குளில் தொங்கினாய். நான் பாதையில் திரும்பி இறங்கினேன். கானுக்குக் குறுக்கே போட்ட கல்லில் தண்ணீர் வழிந்து ஓடியது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குடையை ஊன்றிக் கடந்தேன். இருபத்திரண்டு படி. எப்படி ஏறினேன் என்று தெரியாது. என் வீட்டுக் கதவில் நானே மணியை அடித்தேன்.

தரகர் கதவைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. "என்னம்மா, கோயிலுக்குப் போகலையா?" என்று வாசலை மறித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஈரச் சேலையோடு என்னைக் கண்டதும் அந்தப் பிள்ளை பயந்து பின்வாங்கினாள். "ஆன்ட்டி, நீங்க ஆரு?" என்றாள். "நான்தான் புள்ள இந்த வீட்டுக்காரி. ஒங்க மக எங்க?" என்றேன். கொஞ்சம் முன்னால் அவள் இடுப்பில் இருந்த குழந்தையைக் காணவில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது: "உம்மா, இங்க வாங்க. கீழ ஆரோ மூச்சு உடுறாங்க."

சாமான் அறையின் நடுவில், எழும்பி நின்ற டைலுக்குப் பக்கத்தில், அந்தக் குழந்தை குப்புறப் படுத்துக் காதைத் தரையில் வைத்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே போகவில்லை. நானும் போய் நின்றால் அந்தத் தரை தாங்காது என்று பயம். நிலைப்படியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, "வாங்க கண்ணு, ஆச்சிகிட்ட வாங்க, ஆச்சி சொல்றேன் அது யாருன்னு" என்று இரண்டு கையையும் நீட்டினேன். அது எழும்பி, சிரித்துக்கொண்டே ஓடி வந்து என் கைக்குள் விழுந்தது. வந்த வேகத்தில் மிதித்த டைல் 'டக்' என்று உள்ளே இறங்கியது. கொங்கிரீட் துண்டு ஒன்று உடைந்து கீழே போயிற்று. எல்லாரும் நின்றோம். அந்தச் சத்தம் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. தண்ணீரில் விழுந்தது கேட்டதும் அந்தத் தாய் மகளை என் கையிலிருந்து பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

அவர்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். உனக்குச் சொல்வதற்கு முன்னால் முன்பின் தெரியாதவர்களிடம் சொன்னதற்கு என்னை மன்னித்துக்கொள். தரகர், "இப்படியெல்லாம் பேசினா இந்த வீட்ட ஜென்மத்துக்கும் விக்க மாட்டீங்க" என்றார். "அப்ப விக்காமக் கெடக்கட்டும், சாவியைக் குடுங்க" என்றேன். எல்லாரும் போன பிறகு சுத்தியலை எடுத்து, நிலைப்படிப் பக்கமாகச் சுவரை ஒட்டிப் போய், குழாயின் வாயிலிருந்த சிமெந்தைத் தட்டினேன். மூன்றாவது தட்டில் அது பெயர்ந்தது. நீண்ட மூச்சு ஒன்று வெளியே வந்தது, தம்பி. பழைய தண்ணீரின் மணம். அது முடிய வெகுநேரம் ஆயிற்று. அலுமாரியில் கோப்பைகள் சத்தம் போடுவதை நிறுத்தின.

இப்போது அறையைப் பூட்டியிருக்கிறேன். கேட்டில் என் கையாலேயே எழுதிய பலகையைத் தொங்கவிட்டிருக்கிறேன்: வீடு விற்பனைக்கு, உள்ளே கிணறு உண்டு, வீட்டுக்காரியிடம் நேரில் பேசவும். வழியால் போகிறவர்கள் நின்று வாசித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நேற்று அந்தப் பிள்ளை கலகெதரையிலிருந்து கோல் எடுத்தாள். கிணற்றைத் திறந்து, சரியாக வளையம் கட்டி, அந்த அறைக் கூரையை எடுத்துவிட்டால் பார்க்கலாம் என்று அவள் புருஷன் சொல்கிறானாம். வாங்குவார்களோ தெரியாது. "நாங்க வாற நேரம் நீங்க ஊட்டுல இரிக்கணும் ஆன்ட்டி" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

நீ லீவு எடுத்துக்கொண்டு ஒரு தடவை வந்துவிட்டுப் போ. கிணற்றைத் திறக்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும். உன் செருப்பு உள்ளே கிடக்கிறது. பிள்ளை பிறப்பதற்கு முன் நான் வர முடியாமல் போகலாம். அதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கு நீ அங்கே வீடு வாங்குவாய், விற்பாய். தரகரை வைத்துக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விற்கிறவர் யாரோ அவரை ஒரு தடவை தேடிப் போய், எதிரே ஒரு கதிரையில் உட்கார்ந்து, உங்கள் வீட்டைப் பற்றி எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேள். வெளியே யாராவது நின்று கையைக் காட்டினால் கண்ணை எடுக்காதே, இறங்கிப் போய்க் கேள்.

முப்பத்திரண்டு வருஷமாக மழை மூடும் ஒவ்வொரு பின்னேரமும் நான் குசினி யன்னலால் கானுக்கு அந்தப் பக்கத்தைப் பார்ப்பேன், அந்த நீலச் சேலைக்காரி மறுபடி வருகிறாளா என்று. இதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. சனிக்கிழமை எல்லாரும் போன பிறகும் ஈரச் சேலையோடு போய்ப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. எப்படி இருப்பாள்? நான்தான் உள்ளே வந்துவிட்டேனே.

உன் அம்மா